புல்லின் காலமும் நெல்லின் காலமும்: அம்பாறைக் கரையோர மேய்ச்சற்றரை பற்றிய ஒரு நோக்கு

முல்லைத் திணைக்குக் காரையும் மாலையையும் உரிய பொழுதுகளாகத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. காதலியின் காத்திருப்புக்கு ஏற்ற பின்னணி என்றே இலக்கிய மாணவர் பலரும் இதனைக் கற்பர். ஆயின், மேய்ச்சலைத் தொழிலாகக் கொண்ட சமுதாயமொன்றின் உற்பத்தி ஒழுங்கும் இவ்வகுப்பில் பதிந்துள்ளமை மனங்கொள்ளத்தக்கது. கார், புல் தளிர்க்கும் பருவம். மாலை, மாடு பட்டிக்குத் திரும்பும் வேளை. புல்லின் வளர்ச்சியை அறியாது ஆயரின் வாழ்வை அறிதல் அரிது. இலக்கிய ஆய்வாளராகிய நாம் தாவரவியலின் எல்லைக்குள் சிறிது நுழைவதற்கு இதுவே நியாயமாகும்.

மரமும் செடியும் பெரும்பாலும் நுனியில் வளர்வன. நுனியைக் கிள்ளினால் அக்கிளையின் நீட்சி நின்றுவிடும். புல்லின் இயல்பு வேறு. அதன் வளர்முனை, பூக்கும் பருவம் அணுகும் வரை, நிலத்தை ஒட்டி இலைமடல்களுக்குள் மறைந்திருக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் இலையின் நுனியை மாடு கவர்ந்தாலும், அதன் அடியிலுள்ள பிரியிழையம் புதிய கலங்களை ஆக்கி இலையை மேலே தள்ளிக்கொண்டேயிருக்கும். அடிக்கணுக்களில் உறங்கும் அரும்புகளும் ஒளி பட்டதும் விழித்துப் புதிய மட்டங்களாக வெடிக்கும். அறுகோ தரைக்கு மேலே ஓடிகளையும் தரைக்குக் கீழே வேர்த்தண்டுகளையும் பரப்பித் தன்னைக் காத்துக்கொள்வது. ‘அறுகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்திய நம் முன்னோர் இவ்வியல்பை நன்கு கண்டிருந்தனர்.

வெப்பவலயப் புற்களுக்கு மற்றொரு வலிமையும் உண்டு. இவற்றுட் பல, காபனீரொட்சைட்டை முதலில் நான்கு காபன் அணுக்கள் கொண்ட அமிலமாகப் பற்றிக்கொள்வன. இவ்வழியை 1960களில் அவுஸ்திரேலியாவில் ஹட்ச், சிலாக் ஆகிய இருவரும் கரும்பை ஆராய்ந்து தெளிவுபடுத்தினர். கடும் வெயிலிலும் உயர் வெப்பத்திலும் குறைந்த நீர்ச் செலவுடன் விரைந்து வளர இது உதவுகின்றது. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கினிப்புல் இன்று நமது தெருவோரங்களிலும் வேலியோரங்களிலும் ஆளுயரம் வளர்ந்து நிற்பதற்கு இத்திறனும் ஒரு காரணம்.

எனினும் இவ்வாற்றல் எல்லையற்றதன்று. மேயப்பட்ட புல், முதற் சில நாட்களில் எஞ்சிய இலையின் ஒளித்தொகுப்பையும் அடித்தண்டிற் சேமித்த காபோவைதரேற்றையும் நம்பியே உயிர்க்கும். அப்போது வளர்ச்சி மந்தமாக இருக்கும். இலைப்பரப்பு விரிந்ததும் வளர்ச்சி வேகமுறும், சேமிப்பும் மீளும். பின்னர்க் கீழிலைகள் நிழலில் மடியும், தண்டு இலிக்னின் ஏறி முற்றும், ஊட்டம் குறையும். ஆகவே காலந்தாழ்த்தி மேய்த்தால் மாடு நட்டமடையும். காலத்துக்கு முன் மேய்த்தால் புல் நட்டமடையும். சேமிப்பு மீளுமுன் மீண்டும் மீண்டும் கடியுண்ட புல்லின் வேர் குறுகும், மட்டங்கள் அருகும், மாடு விரும்பாத களைகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சு அறிஞர் அந்திரே வுவாசேன் 1957இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியதும் இதுவே: மேய்ச்சலை மாட்டின் எண்ணிக்கையால் மட்டுமன்றி, புல்லுக்குக் கிடைக்கும் ஓய்வுக் காலத்தாலும் அளவிடல் வேண்டும். 1964இல் கியூபாவின் அழைப்பை ஏற்றுச் சென்ற அவர் அந்நாட்டிலேயே காலமானார்.

இனி நமது பிரதேசத்தை நோக்குவோம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் கரையோர ஊர்களுக்கு மேற்கே வயல்வெளி விரிந்துகிடக்கின்றது. வடகீழ்ப் பருவமழையை நம்பிப் பெரும்போகம் விதைக்கப்படும் வேளையிலே மாடுகள் வயலைவிட்டு வெளியேற்றப்படும். அறுவடை முடிந்தபின் அவை தாளடியை மேயத் திரும்பும். அவற்றின் சாணம் வயலுக்கு எருவாகும். நெல்லும் மாடும் ஒரே நிலத்தைக் காலத்தாற் பகிர்ந்துகொண்ட ஏற்பாடு இது.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையிற் பெருநீர்த்தேக்கம் எழுந்தது. பாசனம் பெற்ற வயல்களிற் சிறுபோகமும் வாய்த்தது. இது உற்பத்தி வளர்ச்சியே என்பதில் ஐயமில்லை. ஆனால் வயல் தரிசாகக் கிடந்த மாதங்கள் சுருங்கின. மாடுகள் ஆண்டில் இருமுறை மேய்ச்சற்றரைக்கு விரட்டப்படலாயின: ஒருமுறை, முதல்மழையிற் புல் தளிர்விட்டுச் சேமிப்பை மீட்கத் தொடங்கும்போது, மறுமுறை, கோடையில் மீண்டெழுவதற்கு நீரில்லாதபோது. புல்லுக்கு ஓய்வு மிகவும் வேண்டப்படும் இரு வேளைகளிலும் அதன்மேற் சுமை ஏறுகின்றது. மேய்ச்சற்றரையும் பயிர்நிலமாகவும் ஒதுக்கக் காடாகவும் சுருங்குமாயின், விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

இப்பின்னணியிலேயே அக்கரைப்பற்றுப் பகுதியின் வட்டமடு குறித்து நெடுங்காலமாக நிலவும் பிணக்கையும் விளங்கிக்கொள்ளல் வேண்டும். அங்கு மாடு வளர்ப்போருள் தமிழரும், நெற்செய்கையாளருள் முஸ்லிம்களும் மிகுதி. எனவே அது இனப்பிணக்காகவே எளிதிற் பேசப்படுகின்றது. நம்பிக்கையீனமும் போர்க்கால வடுக்களும் உண்மையே; அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் பட்டிக்காரனின் பசுவுக்கும் ஏழை வயற்காரனின் நெல்லுக்கும் மதமில்லை. நிலம் போதாமையும், இரு காலங்களும் மோதுவதுமே முரண்பாட்டின் அடித்தளம்.

தொழில்நுட்பம் இதனைத் தீர்க்குமென்போர் கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ-3 என்னும் தீவனப்புல்லைக் காட்டுவர். கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து பெற்ற இது மிகுந்த விளைச்சல் தருவது உண்மை. ஆயின் அதற்கு நீர் வேண்டும், உரம் வேண்டும், சொந்த நிலம் வேண்டும். இம்மூன்றும் இல்லாதவனே மேய்ச்சற்றரையை நம்பி வாழ்பவன். ஆகவே எல்லையிடப்பட்ட பொது மேய்ச்சற்றரையும், அதனைக் கூறுகளாக்கி முறைவைத்து மேய்ப்பதும், வைக்கோலை எரிக்காது சேமிப்பதும், இருதரப்பு உழைப்பாளரும் கூடி வகுக்கும் நாட்காட்டியுமே உடனடித் தேவைகளாகும்.

கடியுண்ட புல் மீண்டும் தளிர்க்கும். அதற்குரிய நாட்களை நாம் விட்டுவைத்தால். அந்நாட்களை யார் தீர்மானிப்பது என்பது தாவரவியல் வினாவன்று. அது சமுதாய வினா.