அணியின் பெயரும் அதன் வேலையும்

ஒரு கவிதையோ கதையோ எவ்வாறு சொல்லப்பட்டிருக்கிறது, அவ்வாறு சொன்னதால் விளைந்த பயன் என்ன என்று ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்து, அம்முடிவைப் படைப்பின் சொற்களையே சான்றாகக் கொண்டு நிறுவும் எழுத்தே இலக்கியத் திறனாய்வுக் கட்டுரை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுக்குக் கதைச்சுருக்கம் எழுதுவது கைவந்த கலை. பாடல் பிடித்திருந்தது என்று சொல்வதும் எளிது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாதைதான் கற்பிக்கப்பட வேண்டியது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இதற்கு மிக நெருங்கிய பயிற்சி, மேல்வகுப்புத் தேர்வுகளில் இடம்பெறும் ‘நயம் பாராட்டுதல்’ ஆகும். மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சுவை எனத் தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு சொற்களை எடுத்தெழுதி மதிப்பெண் பெறும் பழக்கம் அதில் வேரூன்றிவிட்டது. முதலெழுத்து ஒன்றி வருவது மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை என்று அறிந்த மாணவர் எந்தப் பாடலைக் கொடுத்தாலும் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுவார். பாடலைப் படிக்காமலேயே எடுத்துவிடுவார் என்பதுதான் சிக்கல்.

குறுந்தொகையின் 40ஆம் பாடலை எடுத்துக்கொள்ளலாம். ஐந்தே அடிகளைக் கொண்ட இப்பாடலில், தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம், செம்மண்ணில் பெய்த மழைநீரைப்போலத் தம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்கிறான் தலைவன். பாடியவரின் இயற்பெயர் தெரியாததால் அவ்வுவமையே செம்புலப்பெயனீரார் என்று அவருக்குப் பெயராகிவிட்டது. ‘இப்பாடலில் உவமை வந்துள்ளது’ என்று எழுதிய மாணவரிடம், பாலும் நீரும் என்று சொல்லாமல் மண்ணையும் மழையையும் சொன்னது ஏன் என்று ஆசிரியர் கேட்க வேண்டும். உவமை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கைக் கூறுகிறது. அதாவது செயல், பயன், வடிவம், நிறம் ஆகியவற்றுள் ஒன்றைக்கொண்டு இரு பொருள்கள் ஒப்பிடப்படுகின்றன. செம்மை என்ற சொல்லைக் கண்டதும் பெரும்பாலும் நிறம் என்றே விடை வரும். மீண்டும் படிக்கச் சொன்னால், எங்கிருந்தோ வந்த நீர் மண்ணோடு கலந்தபின் பிரித்தெடுக்க முடியாததாகிறது என்ற செயலே ஒப்புமைக்கு அடிப்படை என்பதும், நிறமாற்றம் அக்கலப்புக்கு அடையாளம் என்பதும் புலப்படும். பெற்றோர் வழியிலும் உறவில்லை, முன்னறிமுகமும் இல்லை என்பதை உணர்த்தும் கேள்விகள் உவமைக்கு முன்னே அடுக்கப்பட்டதன் காரணமும் அப்போது விளங்கும். வானுக்கும் மண்ணுக்கும் என்ன உறவு என்று ஒரு மாணவர் திருப்பிக் கேட்டுவிட்டால், கட்டுரையின் பாதி எழுதப்பட்டுவிட்டது என்றே கொள்ளலாம். (காதற்பாடல் என்பதால் தயங்கும் ஆசிரியர்கள் உண்டு, திரைப்பாடல்களைக் கேட்டு வளரும் பிள்ளைகளிடம் அத்தயக்கம் தேவையற்றது.)

இவ்வாறு கேள்வி கேட்டு முடிவுக்கு வரும் முறை தமிழுக்குப் புதியதன்று. உரைக்குரியனவாக நன்னூல் கூறும் 14 உறுப்புகளில் உதாரணம், வினா, விடை ஆகியவற்றோடு ‘துணிவு’ என்பதும் ஒன்று. ஐயத்துக்கிடமான பொருளை இன்னதென்று முடிவு கட்டுதல் என்பது அதன் பொருள். திறனாய்வுக் கட்டுரையின் முதற்பத்தியில் நிற்க வேண்டிய ஒற்றை வாக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தேட வேண்டியதில்லை. ‘இக்கவிஞர் காதலை அழகாகப் பாடியுள்ளார்’ என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை என்பதால் அது துணிவாகாது. ‘உறவின்மையை முதலில் காட்டியதால்தான் உவமை வலிமை பெறுகிறது’ என்பது மறுக்கத்தக்கது, அதனாலேயே நிறுவத்தக்கது. அதன்பின் பாடலிலிருந்து ஓரிரு சொற்களை மட்டும் மேற்கோளாக எடுத்து, அவை துணிவுக்கு எவ்வாறு துணைநிற்கின்றன என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் விளக்குவதே பத்தியின் அமைப்பு. முழுப்பாடலையும் எடுத்தெழுதிப் பக்கத்தை நிரப்புவது விளக்கத்திலிருந்து தப்பிக்கும் வழியாகவே அமைகிறது.

எழுதியதைத் திருத்தும்போது ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிடுவதோடு நின்றுவிடாமல், ‘ஏன்?’ என்ற ஒரு சொல்லை ஓரத்தில் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்து மீண்டும் எழுதச் செய்வது அதிகப் பயன் தரும். மாதம் ஒரு பாடலை, தலைப்புகள் எவற்றையும் முன்கூட்டிக் கொடுக்காமல், இவ்வாறு இருமுறை எழுதவைக்க நடுநிலை வகுப்புத் தமிழாசிரியர்கள் முன்வர வேண்டும்.