கூப்பனல்ல, பங்கு!

"கடைக்குப் போ! சாமான் வாங்கு! பிள்ளையின் பள்ளிச் சம்பளம் தானாகவே கட்டப்பட்டுவிடும்!"

கேட்கும்போதே காது குளிர்கிறதல்லவா? கட்டுக்கதையோ என்ற ஐயமும் எழுகிறதல்லவா? கட்டுக்கதை அல்ல. அமெரிக்க நாட்டில், சம்பளம் வாங்கி நடத்தப்படும் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக்கணக்காக நடைபெற்றுவரும் ஏற்பாடுதான் இது.

ஏற்பாடு எளிது. பெரிய கடைகள் பரிசுச் சீட்டு அச்சிடுகின்றன. நூறு டாலர் பெறுமானமுள்ள சீட்டைப் பள்ளிக்கூடம் தொண்ணூற்றைந்து டாலருக்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் அந்தச் சீட்டை நூறு டாலர் கொடுத்தே பள்ளியிடம் பெறுகிறார்கள். கடையில் அது நூறு டாலருக்கே செல்லும். இடையில் மிஞ்சிய ஐந்து டாலர், முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ, அந்தக் குடும்பத்தின் பேரில் பற்று வைக்கப்பட்டுப் பிள்ளையின் சம்பளத்தில் கழிக்கப்படுகிறது. கடைக்கு வாடிக்கை கிடைத்தது. பள்ளிக்குப் பணம் கிடைத்தது. பெற்றோருக்குப் பாரம் குறைந்தது. மூவருக்கும் இலாபம், எவருக்கும் நட்டமில்லை என்கிறார்கள்.

இது ஒன்றுதானா? 1992-ல் இங்கிலாந்தில் டெஸ்கோ கடைக்காரர்கள், குறிப்பிட்ட தொகைக்குச் சாமான் வாங்கினால் ஒரு சீட்டு. சீட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால் பள்ளிக்குக் கணினி என்றார்கள். 1996-ல் அமெரிக்காவில் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தார், டப்பாவின் மேல்மூடித் துண்டை வெட்டி அனுப்பினால் துண்டுக்கு 10 சென்ட் பள்ளிக்கு என்றார்கள். நம் நாட்டிலும் 2005 முதல் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தார், தம் பொருள்களின் விற்பனையோடு கல்விக் கொடையை இணைத்து 'சிக்ஷா' என்று பெயர் சூட்டினார்கள்.

கொடுப்பவரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பலகை கிடைத்தாலும் மகிழ்பவர்கள்தான் நாம். ஆனால் அந்தச் சீட்டுக் கணக்கை நம் ஊர்த் தெருவுக்குக் கொண்டுவந்து போட்டுப் பார்க்க வேண்டாமா?

அரியலூரை அடுத்த ரெட்டிபாளையத்துக்கு வாருங்கள். சிமெண்டு ஆலையின் புகைபோக்கி வானளாவி நிற்கும் ஊர். அங்கே ஒரு கொத்தனார் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவன் வேலை கிடைத்த நாளில் கூலி பெறுபவன். மனைவி மளிகைக் கடையில் நோட்டுப் போட்டுக் கடன் வாங்கி அடுப்பெரிப்பவள். மகளை ஒரு தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். ஆண்டுச் சம்பளம் முப்பதாயிரம் ரூபாய்.

கடைக்காரர் கூப்பிட்டுச் சொல்கிறார்: "ஏம்மா, கூப்பன் வந்திருக்கு. வாங்குறதுல நூத்துக்கு அஞ்சு ரூபா உன் மக சம்பளத்துல கழியும்."

"நல்லதுண்ணே! நோட்டுல எழுதிக்கிட்டுக் குடுங்க."

"கடனுக்குக் கூப்பன் கிடையாதும்மா. முன்பணம் கட்டணும்!"

முடிந்தது கதை! எவளுக்கு உதவி தேவையோ, அவளுக்குச் சீட்டு இல்லை. கையில் ரொக்கம் உள்ளவருக்கே கதவு திறக்கிறது.

போகட்டும், எப்படியோ முன்பணம் புரட்டிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் எட்டாயிரம் ரூபாய்க்குச் சாமான். ஆண்டுக்குத் தொண்ணூற்றாறாயிரம். நூற்றுக்கு ஐந்து வீதம் கிடைப்பது 4,800 ரூபாய். மீதி 25,200 ரூபாய்க்கு எங்கே போவாள்? முப்பதாயிரமும் கூப்பனாலேயே கழிய வேண்டுமானால், ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபாய்க்கு, அதாவது மாதம் ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கவேண்டும். மாதம் ஐம்பதாயிரத்துக்கு மளிகை வாங்கும் மாளிகைவாசிக்குச் சம்பள உதவி எதற்கு? உதவி தேவைப்படும் குடிசைவாசிக்கு ஐம்பதாயிரம் ஏது? அதிகம் செலவழிப்பவனுக்கு அதிக உதவி. குறைவாக உண்பவனுக்குக் குறைந்த உதவி! இல்லாதவனுக்கு இல்லை என்பதைத்தான் இந்த ஏற்பாடு இனிக்க இனிக்கச் சொல்கிறது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. 2013-ல் அமெரிக்க வரி நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கு வந்தது. பள்ளிக்கூட வழக்கல்ல, பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி விளையாட்டுக் கற்பிக்கும் கழகமொன்றுக்குத் துணையாகப் பெற்றோர் நடத்திய சங்கத்தின் வழக்கு. ஆனால் முறை அதே முறை. எந்தக் குடும்பம் எவ்வளவு விற்றுத் திரட்டியதோ, அவ்வளவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளையின் கட்டணத்தில் கழியும். திரட்டாதவர் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அறச்சங்கம் என்று வரிவிலக்குப் பெற்றிருந்த அந்தச் சங்கத்துக்கு, இது அறமல்ல, தன் வீட்டுக்குத் தானே சேர்த்துக்கொள்வது என்று கூறி விலக்கு மறுக்கப்பட்டது. சீட்டு முறை செழித்த சீமையிலேயே கிடைத்த தீர்ப்பு அது!

நம் மண்ணில் கூடிக் கொடுக்கும் பண்பு இல்லாமலா போயிற்று? பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கிறது. இலை போட்டு விருந்து வைக்கிறார்கள்; மொய் நோட்டில் கணக்கு எழுதுகிறார்கள்; வாங்கியவர் முறை வரும்போது திருப்பிச் செய்கிறார். கைமாற்றுக்குக் கண்ணியமான பெயர் அது. தென்மாவட்டங்களிலும் சோழமண்டலத்திலும் பல ஊர்களில், பெண்ணுக்குச் சீர் கொண்டு போவதுபோல மேளதாளத்தோடு அரசுப் பள்ளிக்குக் 'கல்விச்சீர்' கொண்டு போகிறார்கள். தட்டில் தேங்காய் பழம் மட்டுமா? நாற்காலி, பீரோ, புத்தகம், மின்விசிறி! எந்தப் பிள்ளையின் பெயரிலும் அது பற்று வைக்கப்படுவதில்லை. சீர் கொண்டுவந்தவர் மகளும் அந்த விசிறியின் கீழ்தான். சீர் கொண்டுவர இயலாதவர் மகளும் அந்த விசிறியின் கீழ்தான்.

இந்தப் பாதை நேற்றுப் போட்டதல்ல. 1920-ல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியை நடத்தியபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். "உன் தந்தை எந்தக் கடையில் எவ்வளவு வாங்கினார்?" என்று கேட்டுவிட்டா போட்டார்? காமராசர் ஆட்சியில் 1956-ல் மதிய உணவு மாநிலத்துக்குப் பரவியது. 1958 முதல், கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். ஊரார் கொடுத்தார்கள், பள்ளி வளர்ந்தது. பிள்ளைக்கு எனக் கொடுத்தது ஊர்ப்பிள்ளை அனைவருக்கும் ஆயிற்று. கொடை என்றால் இது கொடை!

ஆனால் ஒன்று. கொடை எவ்வளவு உயர்ந்தாலும் கொடையே. கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுவிடும். உரிமை அப்படியல்ல. அந்த உரிமைக்குக்கூடப் பிறர் கையை எதிர்பார்த்தால் என்ன ஆகும் என்பதை 2025-ல் கண்டோம். 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. ஒன்றிய அரசு தரவேண்டிய பணம் தராததால், ஜூனில் பள்ளி திறந்தும் அந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போயிற்று. பணம் ஒருவர் பெட்டியில். பிள்ளை மற்றொருவர் வாசலில்! இதுதான் நிலை.

அப்படியானால் ரெட்டிபாளையத்தான் யாரிடம் கேட்பது? கடைக்காரரிடமா? வேண்டாம். தன் காலடியைப் பார்த்துக் கேட்கட்டும்!

ஆம், காலடியில்தான் இருக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் புரண்ட இடம் அரியலூர். அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும் இன்றும் கல்லாய்க் கிடைக்கின்றன. அந்தக் கடல் விட்டுச் சென்ற சீதனம்தான் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லை நம்பித்தான் 1979-ல் அரசின் சிமெண்டு ஆலை அரியலூரில் எழுந்தது. அடுத்தடுத்துத் தனியார் ஆலைகள் வந்தன. கல் லாரியில் ஏறுகிறது, சிமெண்டாகி இறங்குகிறது, ஊர் ஊராய் மாடி எழும்புகிறது. தோண்டிய இடத்தில் பள்ளம் தங்குகிறது; தூசு தங்குகிறது; லாரிச் சத்தம் தங்குகிறது.

2015-ல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டது. மாவட்டந்தோறும் 'மாவட்டக் கனிம அறக்கட்டளை' அமைக்க வேண்டும். சுரங்கம் நடத்துவோர் அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகைக்கு மேல் ஒரு பங்கை அந்த அறக்கட்டளைக்கும் கட்ட வேண்டும். அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கே என்பது சட்டம். 2015 ஜனவரி 12-க்கு முன் பெற்ற குத்தகைகளுக்கு, உரிமைத்தொகையில் நூற்றுக்கு 30. அதன்பின் ஏலத்தில் பெற்றவற்றுக்கு நூற்றுக்கு 10.

கணக்குப் போடுவோமா? 2014-ல் அறிவிக்கப்பட்ட வீதப்படி, சிமெண்டுக்குப் பயன்படும் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் உரிமைத்தொகை. அதில் நூற்றுக்கு 30 என்றால் 24 ரூபாய். ஐம்பது கிலோச் சாதாரண சிமெண்டு மூட்டைக்கு ஏறக்குறைய எழுபது கிலோக் கல் வேண்டும். ஆக, பழைய குத்தகைச் சுரங்கத்துக் கல்லென்றால், மூட்டைக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல் நம் மாவட்ட மக்களின் பங்கு! சாம்பல் கலந்த சிமெண்டுக்குக் கல் குறைவு. பங்கும் அதற்கேற்பக் குறையும். ஓர் இலட்சம் டன் கல் வெளியேறினால் 24 இலட்சம் ரூபாய்!

இதுவல்லவோ பரிசுச் சீட்டு! யாரும் கடைக்குப் போக வேண்டியதில்லை. யாரும் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. எங்கோ சென்னையிலும் கொச்சியிலும் எவரோ வீடு கட்டினால், ரெட்டிபாளையத்துப் பிள்ளையின் பேரில் பற்று விழுகிறது. விழுந்த பற்று பிள்ளையை வந்து சேர்ந்ததா என்பதே கேள்வி.

அந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்பதையும் ஒன்றிய அரசின் வழிகாட்டு நெறிகள் எழுதி வைத்திருக்கின்றன. குடிநீர், மருத்துவம், சுற்றுச்சூழல், கல்வி ஆகியவை முதல் வரிசை. கல்வி என்றால் என்னென்ன? வகுப்பறை, ஆய்வுக்கூடம், நூலகம், கழிப்பறை, மாணவர் விடுதி, ஆசிரியர் அமர்த்தல், மாணவர் போய்வர வண்டி வசதி! இத்தனையும் பட்டியலில் உண்டு. ஏட்டில் இருப்பது ஊரில் இருக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

"அந்தப் பணத்தைத் தனியார் பள்ளிச் சம்பளமாகவே கொடுத்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். கூடாது என்போம் நாம். ஏன்? ஒரு பிள்ளையின் சம்பளம் அந்த ஆண்டோடு தீரும். ஓர் ஆய்வுக்கூடம் முப்பது ஆண்டுப் பிள்ளைகளுக்கு நிற்கும். அம்மட்டோ? அரசுப் பள்ளியை விட்டு வெளியேறும் பிள்ளை எதை இழக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். 6-ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தோர்க்கு மருத்துவக் கல்லூரியில் நூற்றுக்கு ஏழரை இடம் 2020-ல் வந்தது. பொறியியல் போன்ற தொழிற்கல்விக்கு 2021-ல் வந்தது. கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், ஆணுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் வந்தன. நூற்றுக்கு ஐந்து ரூபாய்க் கூப்பனைத் துரத்திப்போய் இத்தனையையும் கைநழுவ விடுவதா? சம்பளம் கட்ட உதவி கேட்பதைவிட, சம்பளமே தேவைப்படாத நல்ல பள்ளியைக் கேட்பதே அறிவுடைமை.

"ஆலைக்காரர்கள் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து செய்கிறார்களே!" என்பார்கள். செய்யட்டும், நன்றி சொல்வோம். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 செலவிட வேண்டும். ஆனால் அதை எந்த ஊரில், எந்த வேலைக்குச் செலவிடுவது என்று முடிவு செய்வது கம்பெனி. கனிம அறக்கட்டளைப் பணமோ மாவட்ட ஆட்சியர் தலைமையில் நிற்கும் பொதுப்பணம். முன்னதைக் கேட்க விண்ணப்பம் வேண்டும்; பின்னதைக் கேட்க வாய் இருந்தால் போதும்!

அந்த வாயைத் திறக்க இடமும் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. கொத்தனார் மனைவி அங்கே எழுந்து நிற்கட்டும். "நம்ம மாவட்ட அறக்கட்டளைக்கு இந்த வருசம் எவ்வளவு வந்துச்சு? நம்ம ஊர்ப் பள்ளிக்கு அதுல எவ்வளவு?" என்று இரண்டே கேள்வி கேட்கட்டும். விடை வராவிட்டால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு. தீர்மானம் எழுதட்டும், ஆய்வுக்கூடம் வேண்டுமா, பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை வேண்டுமா, மேல்நிலைப் பள்ளிக்குப் போய்வர வண்டி வேண்டுமா என்று பெயர் சொல்லி எழுதட்டும்.

குடிநீருக்கும் மருத்துவத்துக்கும் உரியதைப் பறித்துக் கல்விக்குக் கொடு என்று நாம் சொல்லவில்லை. கல்விக்கென்று உள்ள பங்கு கல்விக்கு வரட்டும் என்றுதான் சொல்கிறோம்.

பெரம்பலூரோடு பிணைந்தும் பிரிந்தும், 2007-ல் தனி மாவட்டமாய் நிலைபெற்றது அரியலூர். எல்லைக்கோடு மாறியது, மண்ணுக்கடியில் உள்ள கல் மாறவில்லை. ஆனால் அந்தக் கல் வளராது. எடுக்க எடுக்கக் குறையும். ஒருநாள் தீரும். தீர்ந்த அன்று ரெட்டிபாளையத்தில் மிஞ்சப்போவது என்ன? பள்ளம் மட்டுமா, பள்ளத்துக்குப் பக்கத்தில் பள்ளியுமா?

முடிவு செய்ய வேண்டியது ஊரார்தான். கூப்பன் நீட்டுபவரிடம் ஊர் இப்படிச் சொல்லட்டும்: "நன்றி ஐயா, வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் காலடியிலிருந்து போன கல்லுக்குக் கணக்கிருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் நாங்கள் கேட்கிறோம்!"