பொன்வளையப் பூனைப்பாம்பு
போய்கா டென்ட்ரோஃபிலா

பளபளக்கும் கறுப்பு உடல். அதில் ஒடுங்கிய மஞ்சள் வளையங்கள். உதட்டுச் செதில்களும் மஞ்சள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கறுப்புக் கோடு.

மலேசியாவின் கிள்ளான், கோலசிலாங்கூர் கடலோர அலையாத்திக் காடுகளிலும் தாழ்நில மழைக்காடுகளிலும் வாழ்கிறது. 2 மீட்டருக்கு மேலும் வளரும். பகலெல்லாம் கிளையில் சுருண்டு கிடக்கும்; இரவில் பறவை, முட்டை, பல்லி, தவளை, எலி தேடிப் புறப்படும்.

நச்சுப்பற்கள் மேல்தாடையின் பின்பகுதியில் உள்ளன. கவ்விய இரையை விடாமல் மென்று நஞ்சை இறக்குகிறது. அந்த நஞ்சில் உள்ள டென்மோடாக்சின் என்ற புரதம், எலியின் நரம்புத்தசையைவிடக் கோழிக்குஞ்சின் நரம்புத்தசையைச் சுமார் 100 மடங்கு வலுவாகத் தாக்குவதை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

மனிதருக்குப் பெரும்பாலும் வலியும் வீக்கமும்தான். ஆனாலும் கடிபட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டருகே கண்டால் அடிக்காதீர்கள். விலகி நின்று அவசர உதவி எண் 999ஐ அழையுங்கள்.