வேங்கை நாட்டில் விருந்தினர்

அலிப்பூர் என்றவுடன் நம் தமிழ் நண்பர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, 1953-ஆம் ஆண்டில் பெல்வெடேர் மாளிகையில் திறந்து வைக்கப்பெற்ற தேசிய நூலகம். மற்றொன்று, 1876 முதல் இயங்கிவரும் விலங்குக் காட்சிசாலை. மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அதைப் பலர் அறியார். தெற்கு இருபத்துநான்கு பர்கனா மாவட்டத்தின் தலைமையிடமும் இந்த அலிப்பூரே ஆகும். 1986-ல் பழைய மாவட்டம் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்தபோது தெற்குப் பாதி இதற்கு வந்து சேர்ந்தது. அந்தப் பாதியின் தென்கோடியில் இருப்பது யாது? வங்கக் கடலின் உப்புநீரில் கால் நனைத்து நிற்கும் சுந்தரவனம்! ஆகவே, டிராம் வண்டிகளும் நீதிமன்றங்களும் கண்ட இந்நகர்ப்பகுதிக்கும், வேங்கை நீந்தித் திரியும் ஆற்று வாய்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

விடுமுறை வந்தால் மாணவர் கூட்டம் சுந்தரவனத்துக்குப் புறப்படுகிறது. போவது நன்றே. ஆனால் எங்கே தங்குவது, எவ்வாறு தங்குவது என்பதை வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடுகிறோம். 'சூழலுக்கு இசைந்த விடுதி' என்று பலகை தொங்கினால் மறு கேள்வி கேட்பதில்லை. அப்பலகையின் பின்னால் என்ன இருக்கவேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுந்தரவனத்தை ஒரு காடு என்பதைவிடத் தீவுகளின் கூட்டம் என்பதே பொருந்தும். இந்தியப் பகுதியில் 102 தீவுகள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் 54 தீவுகளில் மக்கள் குடியேறியுள்ளனர். எஞ்சிய 48 காடாகவே நிற்கின்றன. 1973-ல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் ஒன்பது இடங்களுள் இதுவும் ஒன்று. 1984-ல் தேசியப் பூங்காவாயிற்று. 1987-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இங்கு வாழும் புலிகள் ஏறத்தாழ 100. அவற்றோடு உப்புநீர் முதலை, புள்ளிமான், காட்டுப்பன்றி, நீர் உடும்பு, மீன்பிடிப் பூனை, நீர்நாய், ஆற்று ஓங்கில், நிறத்துக்கொன்றாக மீன்கொத்திகள் எனப் பட்டியல் நீளும். சஜ்னேகாலியில் உள்ள வனத்துறைக் குளத்தில், உலகிலேயே மிக அரிய ஆமைகளுள் ஒன்றான வடபுல ஆற்றாமையைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கிறார்கள்.

மரங்களைப் பார்த்துத் தமிழன் மலைக்க வேண்டியதில்லை. அவை நம் உறவினர்களே. வங்காளிகள் 'கெவா' என்று கூறும் மரம் வேறெதுவும் அன்று. சிதம்பரத்துக்குப் பழம்பெயர் தந்த தில்லைதான். அவர்களுடைய 'பாயின்' நம் கண்டல். பிச்சாவரத்தில் படகேறியவர்க்கு இங்குள்ள சேறும், சேற்றைக் கிழித்து ஆணிபோல் மேலெழும் மூச்சு வேர்களும் பழகிய காட்சியே. ஆனால் பிச்சாவரத்தை அரை நாளில் சுற்றிவிடலாம். சுந்தரவனத்தின் இந்தியக் காடு மட்டுமே நாலாயிரம் சதுரக் கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. பிச்சாவரத்தின் ஓடைகளில் புலி இல்லை என்பதையும் சொல்லவேண்டும் அன்றோ!

இத்தீவுகளை ஆள்வது ஓதம். நாளொன்றுக்கு இருமுறை கடல்நீர் ஏறும், இருமுறை வடியும். ஏறும்போது குடியிருப்புத் தீவின் வயல்கள் ஆற்றுநீர் மட்டத்துக்குக் கீழே போய்விடும். நீரைத் தடுத்து நிறுத்துவது தீவைச் சுற்றிலும் போட்ட மண்கரை. எல்லாத் தீவுகளின் கரைகளையும் சேர்த்தால் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளம் என்பர். கரை உடைந்தால் உப்புநீர் வயலில் புகும். புகுந்த உப்பு வெளியேறச் சில மழைக்காலங்கள் செல்லும். 2009 மே மாதத்து ஐலா புயலிலும், 2020 மே மாதத்து அம்பான் புயலிலும் இதுவே நேர்ந்தது. வயலிழந்தவர்களுள் ஆடவர் பலர் வெளிமாநிலங்களுக்குக் கூலிவேலை தேடிச் சென்றனர். அவர்களுள் நம் தமிழ்நாட்டுக் கட்டட வேலைக்கு வந்தவர்களும் உண்டு.

கரைக்கு முன்னே அலையாத்தி மரங்கள் நின்றால் அலையின் வேகம் அவற்றில் மோதித் தணியும். மரம் இல்லாத இடத்தில் அலை நேரே மண்ணைத் தின்னும். கேனிங் ஊரின் கதை இதற்கு நல்ல சான்று. மாத்லா ஆற்றின் கரையில் கல்கத்தாவுக்குப் போட்டியாக ஒரு துறைமுகம் அமைக்க ஆங்கில அரசு எண்ணியது. 'சைக்ளோன்' என்ற சொல்லை உலகுக்குத் தந்த ஹென்றி பிடிங்டன், அவ்விடம் வேண்டாம், புயலோடு கடல் உள்ளே ஏறிவரும் என்று 1853-ல் தலைமை ஆளுநருக்கே எழுதினார். கேட்பார் இல்லை. துறைமுகம் எழுந்தது, வைஸ்ராய் கேனிங்கின் பெயரும் சூட்டப்பெற்றது. 1867-ல் புயல் வந்தது. சில ஆண்டுகளுக்குள் துறைமுகமே கைவிடப்பெற்றது. இன்று அவ்வூரில் எஞ்சியிருப்பது நமக்குப் பயன்படும் ரயில் நிலையமே!

இனி விடுதிக்கு வருவோம். அறையிலிருந்தபடியே ஆறு தெரியவேண்டும் என்பது விருந்தினர் ஆசை. அவ்வாசைக்காக விடுதிக்காரர் கரையோர மரங்களை வெட்டி வெளியாக்கினால், ஒரு சாளரக் காட்சிக்காக ஊரே தன் வேலியை இழக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை விதிகளில் சுந்தரவனம் மிகவும் நலிவுக்கு இலக்கான பகுதி என்று தனியே குறிக்கப்பெற்றுள்ளது. கரையை ஒட்டிக் கான்கிரீட் மாடி எழுப்புவது அவ்விதிகளின் கருத்துக்கு முற்றும் மாறானது. ஆகவே விடுதியின் கூரை ஓலையா ஓடா என்று பார்ப்பதைவிட, அதற்கும் ஆற்றுக்கும் இடையே மரம் நிற்கிறதா என்று பாருங்கள். ஓலைக் கூரையை எந்த வியாபாரியும் ஒரு வாரத்தில் வேய்ந்துவிடுவான்.

அடுத்தது தண்ணீர். சுற்றிலும் நீர் இருந்தும் குடிக்க ஒரு துளி இல்லாத நாடு இது. மழைநீரைக் குளத்தில் தேக்குகிறார்கள். குடிநீருக்கு மிக ஆழத்தில் இறக்கிய குழாய்க் கிணறுகளை நம்புகிறார்கள். கிராமத்துப் பெண்கள் குடத்தோடு காத்திருந்து அடிப்பதும் அந்நீரே. விடுதியின் நீச்சல் குளத்தை நிரப்புவதும் அந்நீரே! புலிக் காட்டின் ஓரத்தில் நீச்சல் குளம் எதற்கு என்று கேட்டால், விருந்தினர் விரும்புகிறார்கள் என்று நம்மையே காட்டுகிறார்கள். கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடிக்கும் விடுதி, வாளியும் குவளையும் வைக்கும் விடுதி, இத்தகையவற்றுக்கே நம் முன்னுரிமை செல்லவேண்டும். கழிவுநீர் எங்கே போகிறது என்பதையும் கூச்சமின்றிக் கேட்கலாம். ஓதம் ஏறும் மண்ணில் கழிவுத் தொட்டியை முறையாகக் கட்டாவிட்டால் அதன் உள்ளடக்கம் ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து நம் தட்டுக்கும் வந்து சேரும்.

விளக்கைப் பற்றி நீண்ட பேச்சு வேண்டுவதில்லை. மின்கம்பி எட்டாத நாளிலேயே சாகர்த் தீவு சூரிய ஒளியால் விளக்கேற்றியது. கோசாபாவில் 1997-ல் விறகிலிருந்து வாயு எடுத்து மின்சாரம் செய்தனர். இரவெல்லாம் டீசல் எந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனம் நடத்துவோர் இவற்றை மறந்தவர்கள். பனிக்காலத்து இரவில் அங்கே போர்வைதான் தேவைப்படும்.

பணம் எங்கே போகிறது என்ற கேள்வியே இவை எல்லாவற்றிலும் பெரிது. காரணம் இது: தீவுவாசிக்குக் காடு பொழுதுபோக்கு அன்று, பிழைப்பு. தேனெடுக்கவும், நண்டு பிடிக்கவும், மீன் பிடிக்கவும் அவர் ஓடைக்குள் போகிறார். அனுமதிச் சீட்டோடு போவோரும் உண்டு, இன்றிப் போவோரும் உண்டு. போனவர் எல்லோரும் திரும்புவதில்லை. புலியடித்து இறந்தவரின் மனைவியை ஊரார் 'பாக் பிதவா' என்கின்றனர்; புலி விதவை என்று பொருள். அப்பெண்ணை இராசியற்றவள் என ஒதுக்கிய வழக்கமும் இருந்தது. காட்டுக்குள் போகாமலே ஒரு குடும்பம் உண்ண முடியுமானால் மனிதனும் பிழைப்பான், புலியும் பிழைக்கும். விருந்தினர் தரும் பணம் அதைச் செய்ய வல்லது. ஆனால் அப்பணம் தீவிலேயே தங்கவேண்டும். கல்கத்தாவிலிருந்து சமையற்காரர், கல்கத்தாவிலிருந்து அரிசி, கல்கத்தாவிலிருந்து முதலாளி என்றால் தீவுக்குக் கிடைப்பது குப்பை மட்டுமே.

இதற்கு மாறாக நடக்கும் முயற்சிகளும் உள்ளன. பாலித் தீவில் (இந்தோனேசியாவின் பாலியை எண்ணிவிடாதீர்கள், இது கோசாபாவுக்கு அண்டைத் தீவு) 'ஹெல்ப் டூரிசம்' என்ற அமைப்பும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் குடில் விடுதி ஒன்றுண்டு. முன்பு களவாய் வேட்டையாடியவர்களே காட்டின் காவலுக்கும் விருந்தினர் சேவைக்கும் திரும்பினார்கள் என்பது அதன் சிறப்பு. வேட்டைக்காரர் அறிந்த காட்டை நம் நூலறிவு ஒருநாளும் அறியாது. வனத்துறையும் தன் பங்குக்கு, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் காட்டோரக் கிராமங்களின் குழுக்களுக்கு அளிக்கிறது. புலி ஊருக்குள் வராதிருக்கக் காட்டின் ஓரத்தில் நைலான் வலை கட்டியிருக்கிறார்கள். எளிய பொருள்தான், ஆயினும் புலி ஊர் புகுவது அதனால் பெரிதும் குறைந்துவிட்டது.

பழைய முன்மாதிரி ஒன்றும் சொல்லத்தக்கது. ஸ்காட்லாந்துக்காரரான டேனியல் ஹாமில்டன் 1903-ல் கோசாபாப் பகுதியில் நிலம் குத்தகை பெற்று, கடன் சங்கம், நெல் ஆலை, பள்ளி எனக் கூட்டுறவு ஊர் ஒன்றை உருவாக்கினார். 1936-ல் தம் ஊருக்கெனத் தனி ஒரு ரூபாய்த் தாளையே அச்சிட்டார்! 1932 டிசம்பரில் இரவீந்திரநாத் தாகூர் அங்கு வந்து தங்கினார். அவர் தங்கிய மர வீடு தூண்களின்மேல் உயர்ந்து நிற்பது. வெள்ளம் வந்தால் அடியில் ஓடிப் போகட்டும் என்ற கட்டுமான முறை அது. இன்று விடுதி கட்டுவோர் அதைப் போய்ப் பார்த்துவிட்டுக் கடைக்கால் தோண்டினால் நலம்.

காட்டுக்குள் செல்லும் முறை தனி. நிலத்தில் நடப்பதற்கில்லை, படகிலேயே செல்லவேண்டும். அனுமதியும், படகுக்கு ஒரு பதிவுபெற்ற வழிகாட்டியும் கட்டாயம். இரவில் காட்டு நீரில் படகு ஓடலாகாது. இறங்கக்கூடிய இடங்கள் சஜ்னேகாலி, சுதன்யாகாலி, தோபாங்கி முதலிய காவற்கோபுர வளாகங்களே. அலிப்பூரில் கம்பிக்குள் புலி நிற்க, வெளியே நின்று நாம் கடலை கொறிக்கிறோம். சுதன்யாகாலியில் கம்பி வலைக்குள் நிற்பவர் நாம். வெளியே உலவுவது அது. இம்மாற்றத்தை உணர்ந்தால் போதும், ஒலிபெருக்கி வைத்து ஆடுவதும் பிளாஸ்டிக் தட்டுகளை ஆற்றில் எறிவதும் எவ்வளவு அநாகரிகம் என்பது விளங்கும். இரண்டுக்கும் தடை உண்டு. இருந்தும் பிக்னிக் படகுகள் திருந்தியபாடில்லை. புலியைக் காட்டு, காட்டு என்று படகோட்டியை விரட்டுவதும் தவறு. செய்தி கிடைத்ததும் பத்துப் படகுகள் ஒரே ஓடையில் மொய்த்தால் நீந்திக் கடக்க வந்த விலங்கு எங்கே போகும்? பெரும்பாலோர் புலியைக் காணாமலே திரும்புகின்றனர். சேற்றில் அதன் அடிச்சுவடு காணக் கிடைத்தால் அதுவே பேறு.

தேனெடுக்கப் போகும் தீவுவாசி, இந்துவாயினும் முஸ்லிமாயினும், முதலில் வனபீபியை வணங்குகிறார். தேவைக்கு மேல் எடுக்கலாகாது என்பது அவ்வன்னையின் கட்டளை என்பர். வணங்காத நமக்கும் அவ்விதி பொருந்தாதா?

தங்குமிடமே வேண்டாம் என்று முடிவுசெய்த தீவுகளும் உலகில் உள்ளன. அலிப்பூர்க் காட்சிசாலையில் 2006-ல் இறந்த 'அத்வைதா' என்ற பேராமையை மூத்தோர் பார்த்திருப்பர். அதற்கு 250 வயது என்றுகூடச் சொல்லப்பட்டது. அதன் இனம் இந்துமாக்கடலில் சேஷெல்ஸ் நாட்டைச் சேர்ந்த அல்டாப்ராத் தீவினது. அங்கே இராணுவத் தளம் அமைக்கவிருந்த பிரிட்டன், அறிவியலார் எதிர்ப்பு மிகவே 1967-ல் அதைக் கைவிட்டது. இன்று இலட்சம் அளவில் ஆமைகள் அங்கே வாழ்கின்றன. ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு, விடுதி இல்லை. அதே நாட்டின் கசின் தீவைப் பறவைகளுக்காக 1968-ல் விலைக்கு வாங்கினார்கள். விருந்தினர் பகலில் வரலாம். எலி தொற்றி வராதிருக்கத் தீவின் சொந்தப் படகுக்கு மாறித்தான் கரையேற வேண்டும். இரவுக்கு வேறு தீவுக்குப் போய்விட வேண்டும். நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் சுந்தரவனத்துக்கு அம்முறையை அப்படியே கொணர இயலாது. ஆயினும் உறங்கும் தீவு வேறு, விலங்குத் தீவு வேறு என்ற பிரிவினை இங்கும் கைக்கொள்ளப்படுகிறது. பாகிராலய் என்னும் ஊரில் உறங்கி, எதிர்க்கரையான சஜ்னேகாலிக்குக் காலையில் படகேறுவதே வழக்கம்.

செல்லும் வழியும் அரிதன்று. பாலிகஞ்சில் கேனிங் ரயிலைப் பிடிக்கவேண்டும். கேனிங்கிலிருந்து சாலை வழியே கோட்காலித் துறை. அங்கே படகில் ஆற்றைத் தாண்டினால் கோசாபா. தீவைக் குறுக்கே கடக்க 'டோட்டோ' வண்டி உண்டு. ஊரார் ஏறும் படகிலேயே ஏறுங்கள். எண்ணெயும் மிச்சம், காசும் மிச்சம், பேச்சுத் துணையும் கிடைக்கும். திசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஓதம் வடிந்து சேறு தெரியும் வேளையில்தான் மானும் முதலையும் ஓரத்துக்கு வரும். அது சில நாள் விடியலில் வரும், சில நாள் உச்சிவேளையில் வரும். ஆகையால் எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதை முதல்நாள் மாலையே படகோட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓதக் கணக்கு அவருக்கு மனப்பாடம்.