சீனாவுக்கு விடை ஜப்பானிடம்

தென் கொரியா தொழில்நுட்பத்தில் எழுந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1966-இல் கிஸ்ட் ஆய்வகம், 1971-இல் இன்றைய கைஸ்ட் பல்கலைக்கழகத்தின் தொடக்கம், 1983-இல் சாம்சங்கின் 64கே டிராம் நினைவகச் சில்லு என்று நீளும் அந்தக் கதையின் சாரம் ஒன்றுதான்: பிறர் கண்டுபிடித்ததைக் கற்று, அவர்களைவிட மலிவாகவும் வேகமாகவும் செய்து முந்துவது. அதே வித்தையை இப்போது பக்கத்து நாடான சீனா, பல மடங்கு பெரிய சந்தையோடு செய்துகாட்டுகிறது. கொரியாவின் ஹைனிக்ஸ் நிறுவனத்திடமிருந்து ஹைடிஸ் என்ற எல்சிடி திரைத் தொழிலைச் சீனாவின் பிஓஇ நிறுவனம் 2003-இல் வாங்கியது. ஹைடிஸ் மூன்றே ஆண்டுகளில் நொடித்துப்போனது. பிஓஇ உலகின் முன்னணி எல்சிடி தயாரிப்பாளராக வளர்ந்தது. சாம்சங் டிஸ்ப்ளே 2022-இல் எல்சிடி உற்பத்தியையே கைவிட்டது. அடுத்த ஆண்டு, தூதரக உறவு ஏற்பட்ட 1992-க்குப் பிறகு முதல்முறையாக, சீனாவுடனான வணிகத்தில் கொரியாவுக்குப் பற்றாக்குறை விழுந்தது.

இதற்கு சியோல் கண்ட மருந்துகள் இரண்டு. ஒன்று, தொழில்நுட்பம் வெளியே கசியாமல் தடுக்கும் சட்டங்கள். மற்றொன்று, 2022-இல் அறிவித்த 12 ‘தேசிய உத்தித் தொழில்நுட்பங்களின்’ பட்டியல். ஹைடிஸை யாரும் திருடவில்லை, விலை பேசித்தான் விற்றார்கள் என்பதை நினைத்தால் முதல் மருந்தின் எல்லை புரியும். பட்டியலோ பல நாடுகளிடமும் இருக்கிறது. ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். உண்மையான பாடம் 2019 ஜூலையில் கிடைத்தது. நினைவகச் சில்லுப் போட்டியில் ஜப்பானைக் கொரியா எப்போதோ வீழ்த்திவிட்டது. ஜப்பானின் கடைசி டிராம் நிறுவனமான எல்பிடா 2012-இலேயே திவாலாகிவிட்டது. ஆனால் ஃபோட்டோரெசிஸ்ட், ஹைட்ரஜன் ஃபுளூரைடு, ஃபுளூரின் கலந்த பாலிஇமைடு ஆகிய, சில்லுகளும் திரைகளும் செய்யத் தேவையான மூன்று பொருள்களைக் கொரியாவுக்கு ஏற்றுமதி செய்ய ஜப்பான் கட்டுப்பாடு விதித்ததும், வென்ற நாடுதான் பதறியது. ஆலையை விலைக்கு வாங்கலாம், பொறியாளர்களை அதிகச் சம்பளம் கொடுத்து இழுக்கலாம். ஒரு வேதிப்பொருளின் தூய்மையை ஆண்டுக்கணக்கில் மெருகேற்றிய பழக்கத்தை அப்படிப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பின்னால் வருபவன் முந்தினாலும் நம்மைத் தவிர்க்க முடியாத இடம் அதுதான். கொரியா பிடிக்க வேண்டிய இடமும் அதுவே.

எஸ்கே ஹைனிக்ஸின் எச்பிஎம் நினைவகச் சில்லுகள் இன்று செயற்கை நுண்ணறிவுச் சந்தையில் முன்னணியில் இருக்கின்றனவே, இறுதிப் பொருளிலும் முன்னிலை சாத்தியம்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சில்லை அது 2013-இலேயே உருவாக்கிவிட்டது; பெரிய சந்தை வரப் பல ஆண்டுகள் பிடித்தன. ஆக அதுவும் பொறுமைக்கான சாட்சிதான். உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் ஆராய்ச்சிக்குப் போகிறது, உலகில் இஸ்ரேலுக்கு அடுத்த இடம், இன்னும் பணமா என்பது இன்னொரு வாதம். அந்தப் பணத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் நிறுவனங்களுடையது. அடுத்த மாடலுக்கும் அடுத்த காலாண்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள். இருபது ஆண்டு காத்திருக்கக்கூடியது அரசின் பணம் மட்டுமே.

அந்தப் பணத்தில்தான் அப்போதைய அதிபர் யூன் சுக் யோலின் அரசு கை வைத்தது. ஆராய்ச்சி நிதி சிலரின் கூட்டுக்குள் சுழல்கிறது என்று குற்றம்சாட்டி, 2024 பட்ஜெட்டில் சுமார் 31 லட்சம் கோடி வோனாக இருந்த ஒதுக்கீட்டை 26.5 லட்சம் கோடியாக வெட்டியது. வீண்செலவு இருந்திருக்கலாம், அதைத் திட்டம் திட்டமாகப் பார்த்துக் களைந்திருக்க வேண்டும். ஒரே வெட்டில் முதலில் அடிபடுவது ஆய்வகத்தின் இளம் ஆய்வாளர்களின் ஊதியம். 2025-இல் ஒதுக்கீட்டை மீண்டும் ஏற்றினார்கள். பணத்தை ஒரே ஆண்டில் திருப்பித் தரலாம், கலைந்துபோன ஆய்வுக் குழுவை அப்படித் திரட்ட முடியாது. சீனா வேகமாக ஓடிய நேரத்தில் கொரியா தனக்குத் தானே செய்துகொண்ட தவறு இது.