வெள்ளாற்றங்கரையில் ஒரு கப்பல் அலமாரி!

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகிற வழியில் இருக்கிறது கருவேப்பிலங்குறிச்சி. கடல் பார்க்க ஆசைப்பட்டால், அந்த ஊர்ப் பிள்ளைகள் பஸ் ஏறி வெகு தூரம் போக வேண்டும். ஆனால், அந்தப் பக்கம் ஓடுகிற வெள்ளாறு இருக்கிறதே, அது பரங்கிப்பேட்டையில் கடலோடு கலந்துவிடுகிறது. அங்கே என்னென்ன கப்பல்கள் வந்து நின்றன தெரியுமா குட்டீஸ்?

1782ல், பிரெஞ்சு கடற்படைத் தளபதி சுஃப்ரேன், ஹைதர் அலிக்குத் துணையாகக் கொண்டு வந்த வீரர்களைப் பரங்கிப்பேட்டையில்தான் கரையிறக்கினார். அவரை எதிர்த்து நின்றவர் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ். ஒன்றரை ஆண்டுக்குள் இருவரும் ஐந்து முறை கடலில் மோதினர். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திரிகோணமலை என்று நகர்ந்த சண்டை, 1783 ஜூன் 20ம் தேதி கடலூருக்கு எதிரே வந்து முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவில் அந்த ஜனவரி மாதமே இரு நாடுகளும் சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டன! செய்தி கப்பலில் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் காலம் அது. முடிந்துபோன போருக்காக, கடலூர் கடலில் பீரங்கிகள் வெடித்தன, மனிதர்கள் செத்தனர்.

இவ்வளவு பெரிய விஷயம் நம் மாவட்டத்துக் கடலில் நடந்திருக்கிறது. ஆனால், இதைப் பற்றிப் படிக்கலாம் என்று தேடினால், கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்திலும், பிரெஞ்சிலும்தான் இருக்கின்றன. விலையும் கையைச் சுடும். தமிழில் கடற்படை வரலாற்றுக்கென்றே எழுதிய நூல்கள் குறைவு. இங்கே ஒரு அத்தியாயம், அங்கே நாலு பக்கம் என்று சிதறிக் கிடக்கிறது. ஆகவே, சேகரிப்பதும் ஒரு துப்பறியும் வேலைதான்.

காசு இல்லாமல் எப்படிச் சேகரிப்பது என்கிறீர்களா?

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், விளம்பரப் பலகைகள் எழுதிய ஓவியர். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதை எல்லாம் சேர்த்து வைத்தார். கிட்டத்தட்ட ஒரு லட்சம் சேர்ந்துவிட்டது! அவர் மறைவுக்குப் பின், சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை அமெரிக்காவுக்குக் கொண்டு போகாமல், சென்னையிலேயே 1994ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது.

உங்களுக்கு லட்சம் வேண்டாம். ஒரு தட்டு நிரம்பினால் போதும். ஆனால், கண்டதையும் வாங்கக் கூடாது. முதலில் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'கடாரத்துக்கு ராஜேந்திர சோழன் படை எப்படிப் போனது?' என்பது நல்ல கேள்வி. அவன் தலைநகரான கங்கைகொண்டசோழபுரம், கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் தாண்டினால் வந்துவிடும். 1025 வாக்கில் நடந்த அந்தப் படையெடுப்பில் வென்ற ஊர்களின் பட்டியலை, தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இதற்கு, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தி.வை.சதாசிவ பண்டாரத்தார் எழுதிய, 'பிற்காலச் சோழர் சரித்திரம்' இருக்கிறது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல். அப்படி என்றால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால், பல பதிப்பகங்கள் போட்டி போட்டு வெளியிடும். விலையை ஒப்பிட்டு வாங்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகத்தில் இப்படிப்பட்ட நூல்களைக் காசில்லாமலே படிக்கலாம். ம.பொ.சி., எழுதிய, 'கப்பலோட்டிய தமிழன்' நூலும் இந்த வகைதான். வ.உ.சி., 1906ல் தொடங்கிய சுதேசி கப்பல் கம்பெனியில் பீரங்கி கிடையாது. ஆனால், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே ஆங்கிலேயக் கம்பெனியோடு நடந்தது சண்டை இல்லாமல் வேறென்ன? என் தட்டில் அதற்குக் கட்டாயம் இடம் உண்டு.

அடுத்து, இந்தியக் கடற்படையில் வேலை பார்த்த நரசய்யா எழுதிய, 'கடலோடி!' கப்பலில் வாழ்ந்தவரே தமிழில் எழுதியது என்பதால், இதைக் காசு கொடுத்தே வாங்கலாம். அவருடைய, 'கடல்வழி வணிகம்' கொஞ்சம் பெரியவர்களுக்கானது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிறவர்கள் முயன்று பாருங்கள்.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஒரு புதையல். 1736 முதல் 1761 வரை எழுதினார். துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தது, என்ன சேதி கொண்டு வந்தது என்று அன்றன்றைக்கு எழுதி வைத்தார். 1746ல் லபூர்தொனே கப்பல்களோடு போய்ச் சென்னையைப் பிடித்த கதையும் அதில் வருகிறது. ஆனால், பல தொகுதிகள். மொத்தமாக வாங்க நம்மால் ஆகாது. நூலகத்தில் கேட்டுப் பார்த்து, வேண்டிய பக்கங்களை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நோட்டும் உங்கள் நூலகத்தில் ஒரு புத்தகம்தானே! சிறிய காப்புத் தொகை கட்டினால், அரசுக் கிளை நூலகத்தில் உறுப்பினர் ஆகிவிடலாம். முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

சாண்டில்யனின், 'கடல் புறா' வாங்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால், அது நாவல். அதை வரலாற்று நூல்களோடு கலக்காமல் தனி வரிசையில் வையுங்கள். இல்லாவிட்டால் பரீட்சையில் கதையை எழுதிவிட்டு முழிக்க வேண்டி வரும்!

இனி கணக்குக்கு வருவோம். வாரம், 10 ரூபாய் உண்டியலில் போட்டால், வருடத்துக்கு, 520 ரூபாய். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில்தான் நெய்வேலி. அங்கே என்.எல்.சி., நிறுவனம், 1990களின் இறுதியிலிருந்து புத்தகக் கண்காட்சி நடத்தி வந்திருக்கிறது. பெரும்பாலும் ஜூலையில் நடக்கும். இத்தகைய கண்காட்சிகளில் வழக்கமாக, 10 சதவீதத் தள்ளுபடி தருவார்கள். அதாவது, உங்கள், 520 ரூபாய்க்கு, 577 ரூபாய் வரை விலை போட்ட புத்தகங்கள் கிடைக்கும். நேஷனல் புக் டிரஸ்ட் கடையை முதலில் பாருங்கள்; விலை குறைந்த சிறுவர் நூல்கள் இருக்கும். போவதற்கு முன் பட்டியல் எழுதி எடுத்துப் போங்கள். பட்டியல் இல்லாமல் போனால், பணம் பஜ்ஜிக் கடைக்குப் போய்விடும்.

அக்கா, அண்ணன் படித்து முடித்த சமூக அறிவியல் பாடநூல்களை எடைக்குப் போட விடாதீர்கள். வாஸ்கோடகாமா 1498ல் வந்தது முதல் கர்நாடகப் போர்கள் வரை அதில் இருக்கிறது. ஒரு பழைய அட்லசும் வேண்டும். மேலே சொன்ன ஐந்து சண்டைகளும் நடந்த இடங்களை அதில் பென்சிலால் குறித்துப் பாருங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் குண்டு வீசிய சென்னையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கெட்டிக்காரப் பயலை, 'அவன் எம்டன்' என்று தாத்தா பாட்டி சொல்வது இந்தக் கப்பலை வைத்துத்தான்.

சேர்த்த புத்தகங்களுக்குக் காக்கி அட்டை போட்டு, உள்ளே வாங்கிய தேதி, இடம், விலை எழுதுங்கள். காய்ந்த வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவே வைத்தால் பூச்சி அண்டாது. அலமாரி இல்லையா? ஒரு பழைய மரப்பெட்டியைப் படுக்க வைத்தால் போதும். புத்தகங்கள் சாயாமல் இருக்க, விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை இரண்டு வாங்கி வரிசையின் இரு முனையிலும் நிற்க வையுங்கள். பெட்டியை மட்டும் ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். ஐப்பசி மழைச்சாரல் பட்டால் அட்டை உப்பிவிடும்.