விலை கூடிய பெட்ரோல் வண்டிக்கு நல்லதா?

பெட்ரோல் பங்குகளில் சாதாரணப் பெட்ரோலுடன் எக்ஸ்பி95, ஸ்பீடு, பவர்95 போன்ற பெயர்களில் பிரீமியம் வகைகளும் விற்கப்படுகின்றன. விலை அதிகமானால் சக்தியும் மைலேஜும் அதிகம் என்பது நம்மில் பலருடைய எண்ணம். அது சரிதானா என்று பார்ப்போம்.

பெயரோடு வரும் எண், ஆக்டேன் அளவைக் குறிக்கிறது. எஞ்சினுக்குள் அழுத்தப்படும் எரிபொருள் உரிய நேரத்திற்கு முன் தானாகத் தீப்பற்றினால் தட்டும் ஓசை எழும், எஞ்சினும் பழுதடையக்கூடும். இதைத் தடுக்கும் திறனே ஆக்டேன். அது எரிபொருளில் அடங்கிய ஆற்றலின் அளவன்று. எனவே, 91 போதுமென வடிவமைக்கப்பட்ட எஞ்சினில் 100 ஆக்டேன் பெட்ரோலை நிரப்பினாலும் குறிப்பிடத்தக்க பயன் கிடைப்பதில்லை. அழுத்தம் மிகுந்த எஞ்சின் கொண்ட சில உயர்ரக வாகனங்களுக்கே அது தேவை.

மற்றொன்றையும் நாம் கருத வேண்டும். பிஎஸ்-6 தரத்தில் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் 91. அதில் 20 சதவீதம் எத்தனால் கலந்தபின் அது 95 ஆக உயர்ந்துள்ளதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025இல் தெரிவித்தது. ஆகவே, '95' என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் தருவதில் பொருளில்லை. பிரீமியம் வகையில் எஞ்சினைத் தூய்மையாக வைக்கும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அதுவே எஞ்சியுள்ள வேறுபாடு.

கூடுதல் விலை முழுவதும் தரத்திற்கானதுமன்று. பிரீமியம் பெட்ரோலுக்கு மத்திய உற்பத்தி வரி சற்று அதிகம். மாநில மதிப்புக் கூட்டு வரி சதவீதத்தில் விதிக்கப்படும் இடங்களில், விலை உயர உயர வரியும் உயர்கிறது.

ஓர் எளிய கணக்கு: சாதாரண வகை லிட்டர் 100 ரூபாய், பிரீமியம் 108 ரூபாய் எனக் கொள்வோம். லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் கார், பிரீமியத்தில் 16.2 கி.மீ. ஓடினால்தான் செலவு சமமாகும். மாதம் 60 லிட்டர் செலவிடும் குடும்பத்திற்குக் கூடுதல் செலவு 480 ரூபாய். ஆண்டுக்கு 5,760 ரூபாய்.

முடிவெடுக்குமுன் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, வாகனக் கையேட்டிலோ பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறத்திலோ உள்ள ஆக்டேன் அளவையும் எத்தனால் வரம்பையும் பார்ப்பது. உற்பத்தியாளர் உயர்ந்த ஆக்டேனைக் கட்டாயமாக்கியிருந்தால் அதில் சிக்கனம் கூடாது. இரண்டாவது, டேங்கை முழுமையாக நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் முழுமையாக நிரப்பும்போது பிடித்த லிட்டரால் வகுப்பது. இரு வகைகளிலும் மும்முறை இவ்வாறு கணக்கிட்டால் உண்மை மைலேஜ் தெரிந்துவிடும்.

வித்தியாசம் இல்லையெனில், மாதந்தோறும் மிஞ்சும் அந்த 480 ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தலாம். வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்கும் வேளையில் அத்தொகை கைகொடுக்கும்.